புளிப்பைக் காத்த குடும்பம்

பீர் என்னும் பானத்தின் நவீன சரித்திரத்தைச் சுருங்கச் சொல்வதானால், காற்றில் மிதந்துவரும் கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளை உள்ளே வரவிடாமல் கதவடைப்பதற்கு மனிதன் செய்துவந்த பிரயத்தனங்களின் சரித்திரம் என்று சொல்லிவிடலாம். 1876இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டு, பானம் கெட்டுப்போவதற்குக் காரணம் அழையாமல் வந்து சேரும் நுண்ணுயிர்களே என்று எடுத்துக்காட்டினார். 1883இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்தை வளர்த்தெடுக்கும் மார்க்கத்தைக் கண்டறிந்தார். அதற்குப் பின் வந்த பீர்ச்சாலைகளெல்லாம், இன்ன வித்து, இன்ன அளவு, இத்தனை நாள், இன்ன ருசி என்று முன்கூட்டியே நிர்ணயம் செய்துகொண்டு, மூடிய எஃகுத் தொட்டிகளில் காரியத்தை முடித்து, ஒரு மாதத்துக்குள் சரக்கைக் கடைக்கு அனுப்பிவிடும் நிலைக்கு வந்துவிட்டன. உலகம் இப்படி ஒரு திசையில் விரைந்துகொண்டிருந்த காலமெல்லாம், பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தையும் அதன் மேற்குப் புறத்துக் கிராமங்களையும் சேர்ந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள், கொதித்து இறக்கிய தானியச் சாற்றைக் கூரைக்கடியில் கொண்டுபோய் விரித்து, பலகணிகளையும் திறந்து வைத்துவிட்டு, இரவு நிம்மதியாக உறங்கப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குடும்பங்களுள் ஒன்றான காந்தியோன் குடும்பத்தைப் பற்றித்தான் இன்று எழுத உத்தேசம்.

நான் பீரில் பெரிய ரசனை உள்ளவன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் மனைவியின் தம்பி உத்தியோக நிமித்தமாகப் பிரஸ்ஸல்ஸில் குடியிருக்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில், மியூசியங்கள் என்று கேள்விப்பட்டவற்றையெல்லாம் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்ற என் பழைய பிடிவாதத்தின் பேரில், கூஸ் மியூசியம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தவன் நான். கூஸ் என்பது அந்த ஊர்ப் புளிப்புப் பீர். நகரத்தின் தென் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகையோ அச்சகமோ என்று நினைக்கத்தக்க சாதாரணமான முகப்போடு காந்தியோன் பீர்ச்சாலையான அந்தக் கட்டடம் நிற்கிறது. உள்ளே போனபின்புதான், மியூசியம் என்ற பெயர் ஓர் உபசாரம் என்பதும், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டத்தக்க பழம்பொருள் என்று தனியாக ஒன்றும் இல்லை என்பதும், பழம்பொருள்களெல்லாம் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதும் விளங்குகின்றன.

வம்ச வரலாறு சிக்கலில்லாதது. பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே லெம்பேக் என்ற ஊரில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த பால் காந்தியோன் என்பவரும் அவர் மனைவி மரீ த்ரோஷும் 1900இல் இந்த இடத்தில் தொழில் தொடங்கினார்கள். ஆனால் அப்போது அவர்கள் பீர் காய்ச்சவில்லை. பிறர் காய்ச்சிய சாற்றை வாங்கிவந்து, தம் நிலவறையில் பீப்பாய்களில் முதிரவைத்து, பக்குவம் பார்த்துக் கலந்து, புட்டியில் அடைத்து விற்றார்கள். கலப்பதையே ஒரு தனித் தொழிலாகக் கொண்டு அந்நாளில் பலர் பிழைத்தார்கள் என்பது நம் காலத்தவருக்கு வியப்பாயிருக்கலாம். பின்னர் 1937இல் பாலின் குமாரர்களான ராபர்ட்டும் மார்செலும், பியேர்ஜ் என்ற ஊரில் மூடப்பட்டுவிட்ட ஒரு பீர்ச்சாலையின் சாதனங்களை விலைக்கு வாங்கிவந்து நிறுவி, அடுத்த ஆண்டு சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார்கள். தொடங்கிய வேளை சரியில்லை. அடுத்த ஆண்டே யுத்தம் வந்துவிட்டது. சகோதரர்கள் இருவரும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்கள். தானியத்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. யுத்தம் முடிந்தபின் தொழில் மறுபடி தலையெடுத்தது. மார்செலின் மகள் கிளோடை மணந்த ஜான்-பியேர் வான் ரோய், 1970ஐ ஒட்டி மாமனாரிடமிருந்து பொறுப்பை ஏற்றார். அவருக்குப் பின் அவருடைய மகன் ஜான் வான் ரோய் இன்று நடத்திவருகிறார். பெண்வழியாகப் போனதில் குடும்பப் பெயர் மாறிவிட்டதே தவிர, புட்டியின் மேல் உள்ள பெயர் மாறவில்லை. ஆனால், 1937இல் ஏற்கெனவே பழைய சாமானாக வந்திறங்கிய அந்த யந்திரங்களின் சக்கரங்களும் தோல்பட்டைகளும் பெரும்பாலும் இன்றும் சுழல்கின்றன என்பதை அறிந்தபோது, பேரனை விடக் கொப்பரைக்கே வயது கூடுதல் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

இனிக் காய்ச்சும் முறைக்கு வருவோம். சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை காய்ச்சுவதற்குச் சுமார் 1,300 கிலோ தானியம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டி உலர்த்திய பார்லி, மிச்சம் முளைகட்டாத பச்சைக் கோதுமை. பச்சைக் கோதுமையில் உள்ள மாவுச்சத்து எளிதில் சர்க்கரையாக மாறுவதில்லை. மாறாமல் எஞ்சுகிற அந்தப் பங்குதான், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கவேண்டிய நுண்ணுயிர்களுக்குச் சேமிப்பு உணவாக நின்று உதவுகிறது. பாத்திரத்திலிருந்து கலங்கலான நீரை இடையிடையே எடுத்துத் தனியே கொதிக்கவைத்து மறுபடி சேர்க்கும் ஒரு சுற்றுவழியை இவர்கள் பின்பற்றுகிறார்கள். பெல்ஜியம் டச்சு ஆட்சியில் இருந்தபோது, 1822இல் வந்த ஒரு வரிச்சட்டம், தயாராகும் பீரின் அளவுக்கு அன்றித் தானியம் ஊறவைக்கும் பாத்திரத்தின் கொள்ளளவுக்கு வரி விதித்தது. ஆகவே சின்னப் பாத்திரத்தில் மட்டுமீறிய தானியத்தைத் திணித்துக் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தை அக்காலத்துப் பீர்காரர்கள் வளர்த்துக்கொண்டார்கள், அதற்கு இந்தக் கலங்கல் நீர் முறை மிகவும் ஒத்துவந்தது. வரி போய்விட்டது; வரியிலிருந்து தப்புவதற்குத் துணைசெய்த முறை, ருசிக்கு நல்லது என்பதனால் நிலைத்துவிட்டது. சர்க்கார் வரியினால் ஒரு ருசி வாழ்ந்ததாகச் சரித்திரத்தில் இடம்பெறக்கூடிய சம்பவங்கள் அதிகம் இராது.

இப்படிக் கிடைக்கும் பத்தாயிரம் லிட்டர் சாற்றை, ஏறக்குறைய 7,500 லிட்டராகச் சுண்டும்வரை மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார்கள். அதோடு சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலும் ஒரு விசேஷம் உண்டு. மற்றப் பீர்ச்சாலைக்காரர்கள் புதிய ஹாப்ஸுக்கு ஆளாய்ப் பறக்க, இவர்கள் மூன்று ஆண்டுவரை கிடந்து, வாசனையும் கசப்பும் பெரும்பாலும் போய்விட்ட பழைய ஹாப்ஸைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். கசப்பு அவர்களுக்கு வேண்டாத குணம். வேண்டாத கிருமிகளை அடக்கிவைக்கும் சக்தி மட்டுமே அவர்களுக்கு வேண்டும், அது பழைய பூவிலும் எஞ்சி நிற்கிறது.

கொதித்து அடங்கிய சாற்றைக் கூரைக்கு நேர் கீழே, பரண் போன்ற ஓர் அறையில், செம்பினால் செய்த அகன்ற ஆழமில்லாத தொட்டிக்குக் குழாய்வழி ஏற்றுகிறார்கள். அந்தத் தொட்டிதான் இந்தத் தொழிலின் மூலஸ்தானம். ஆவி அறையெங்கும் நிறைந்து, கூரையின் ஓடுகளுக்கிடையிலும் சுவரின் பலகணிகளிலும் வழிதேடி வெளியேற, அதே வழியாக இரவின் குளிர்ந்த காற்று உள்ளே வந்து படிகிறது. விடியற்காலைக்குள் சாறு 18 முதல் 20 டிகிரி வரை குளிர்ந்து, அந்த ஊர்க் காற்றிலும் அந்தக் கூரை மரத்திலும் குடியிருக்கும் சகல நுண்ணுயிர்களுக்கும் ஆகாரமாகிவிடுகிறது. யாரும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போடுவதில்லை. நம் பனையேறிகள் அறிந்த ரகசியந்தான் இது: கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் பொழுது ஏறுவதற்குள் கள்; இரண்டுக்கும் இடையில் மனிதன் சேர்ப்பது ஒன்றுமில்லை, தடுக்காமல் விடுவது ஒன்றே. ஆனால் பனையில் ஒரு பகலில் முடிந்துவிடும் காரியம் பிரஸ்ஸல்ஸில் மூன்று ஆண்டு நடக்கிறது.

காலையில் சாறு பீப்பாய்களுக்குப் போகிறது. முன்பு திராட்சை மதுவோ கோன்யாக்கோ இருந்து கைமாறிய பழைய பீப்பாய்கள் வரிசை வரிசையாக, அரையிருட்டில், தலைக்குமேல்வரை அடுக்கியிருக்கின்றன. சில நாளில் நொதித்தல் தொடங்கி, நுரை பொங்கிப் பீப்பாய் வாயிலிருந்து வழிந்து தரையில் ஓடும். அந்த ஆவேசம் தணியும்வரை வாயை மூட முடியாது. அதன்பின் உள்ளே நடப்பது நெடிய ஒரு நாடகம். முதலில் வருகின்ற பாக்டீரியாக்கள் சில வாரங்கள் ஆண்டு ஓய்கின்றன. அடுத்து, ரொட்டிக்கும் சாதாரண பீருக்கும் உதவும் சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் வந்து சர்க்கரையில் பெரும்பங்கைச் சாராயமாக மாற்றுகிறது. கோடை வந்ததும் பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தலையெடுத்துப் புளிப்பை உண்டாக்கி, சில வேளைகளில் பானத்தைக் கஞ்சிபோல் கொழகொழக்கவும் செய்துவிடுகிறது. இறுதியாகப் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் வந்து, அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்த்து, பழைய தோல், வைக்கோல், பழத்தோட்டம் என்றெல்லாம் ரசிகர்கள் வர்ணிக்கும் அந்த விசித்திரமான வாசனையைக் கொடுக்கிறது. இந்த ஈஸ்டுக்கு ஒரு கதை உண்டு. கார்ல்ஸ்பெர்க் பீர்ச்சாலையைச் சேர்ந்த கிளாசன் என்பவர்தான் 1904இல், ஆங்கிலேயரின் பழைய பீர்களில் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 1921இல் இந்தப் பீப்பாய்களில் முதிரும் லாம்பிக் என்னும் பானத்திலிருந்தே அதைப் பிரித்தெடுத்து பிரஸ்ஸல்ஸின் பெயரையே சூட்டினார்கள். மற்றப் பீர்ச்சாலைகள் பெரும்பாலானவற்றில் அது விரோதி. திராட்சை மதுக்காரர்களுக்கோ அதன் பெயரைச் சொன்னாலே நடுக்கம். இங்கே அது வீட்டு மனிதர்.

இந்த நாடகத்தில் வீட்டுக்காரருக்கு வேலை என்ன என்று நான் யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. அது சொல்லுகிற அளவுக்குச் சுலபமான வேலையில்லை. கொழகொழத்துப் போன பீப்பாயைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று பதறிக் கொட்டிவிடாமல் இன்னொரு கோடை காத்திருக்க வேண்டும். மேல்தளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிப் பழைய மரத்தையும் ஓட்டையும் மாற்றிவிடாமல் இருக்க வேண்டும். சிலந்திவலையைக் கூடக் கலைக்கக் கூடாது. அங்கே சிலந்திகளுக்கு முழு அபயம் அளித்திருக்கிறார்கள். பீப்பாயின் நுரைக்கும் பழவாசனைக்கும் மொய்க்கும் ஈக்களை அவை பிடித்துத் தின்றுவிடுவதால், மருந்து தெளிக்கும் அவசியம் நேராமல் போகிறது. "வீட்டிலே ஒட்டடை தெரிஞ்சா அக்கா நம்ம ரெண்டு பேரையும் சும்மா விடுவாளா, அத்தான்?" என்று என் மைத்துனன் காதோடு சொன்னான். தன் தாத்தா செய்ததையே தானும் செய்துகொண்டிருப்பவன் சோம்பேறி என்று பெயரெடுப்பது உலக வழக்கம். ஆனால் எதைத் தொடக்கூடாது என்று அறிந்த ஞானம், பிறந்ததுமுதல் அந்தப் பீப்பாய்களுக்கிடையில் வளர்ந்த பிள்ளைக்கு வாய்ப்பதுபோல், சம்பளத்துக்கு வந்து மூன்றாண்டு இருந்துவிட்டு வேறிடம் மாறுகிற நிபுணருக்கு வாய்க்காது என்பது என் அபிப்பிராயம்.

பீப்பாயில் முதிர்ந்து, நுரையும் வாயுவும் இல்லாமல் அமைதியாக இருக்கும் பானத்துக்கு லாம்பிக் என்று பெயர். ஓராண்டு லாம்பிக்கில் இன்னும் சர்க்கரை மிச்சமிருக்கும். மூன்றாண்டு லாம்பிக்கில் சர்க்கரை தீர்ந்து, ருசி கனிந்திருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டு வயதுள்ள பானங்களைப் பல பீப்பாய்களிலிருந்து ருசிபார்த்துத் தேர்ந்து கலந்து, ஷாம்பெயின் புட்டிகளைப் போன்ற கனத்த புட்டிகளில் அடைத்துத் தக்கை இறுக்கிப் படுக்கவைத்தால், இளையதன் சர்க்கரையை மூத்ததன் ஈஸ்ட் தின்று மாதக்கணக்கில் மறுபடி நொதித்து, புட்டிக்குள்ளேயே வாயு உண்டாகிறது. அதுவே கூஸ். எந்தப் பீப்பாயோடு எந்தப் பீப்பாய் சேரும் என்பதைச் சொல்லும் யந்திரம் எதுவும் இன்னும் வரவில்லை. நாக்கும் நினைவுந்தான் அங்கே கருவிகள்.

பழங்களின் கதை இதனினும் ரசமானது. பிரஸ்ஸல்ஸின் வடபுறத்தில் ஸ்கார்பேக் என்ற பகுதியில், நகரம் பரவுவதற்கு முன் செர்ரித் தோட்டங்கள் இருந்தன. உருவில் சிறியதாய், கரிய சிவப்பாய், கடும் புளிப்பாய் இருந்த அந்த ஊர்ச் செர்ரியை லாம்பிக்கில் ஊறப்போட்டு எடுப்பதே கிரீக் என்னும் பீர். இன்று ஸ்கார்பேக்கில் தோட்டம் இல்லை, தெருக்களும் டிராம் பாதையுந்தான் இருக்கின்றன. அந்த இனத்து மரங்கள் சுற்றுப்புறக் கிராமங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆகவே கிரீக் செய்வோர் பெரும்பாலும் வேறிடத்துப் புளிப்புச் செர்ரிகளை நாடவேண்டியிருக்கிறது. காந்தியோனில் கோடையில் பழம் வந்து இறங்கியதும், லிட்டருக்குச் சுமார் 200 கிராம் என்ற கணக்கில், கொட்டையும் தோலும் நீக்காமல் முழுசாகவே பீப்பாயில் கொட்டி, ஒன்றரை ஆண்டைக் கடந்த லாம்பிக்கை அதன்மேல் நிரப்பிவிடுகிறார்கள். பழத்தின் சர்க்கரை புதிய தீனியாகக் கிடைத்ததும், உறங்கிக்கிடந்த நொதித்தல் விழித்துக்கொள்கிறது. சில மாதங்களில் சதையெல்லாம் கரைந்து கொட்டை மட்டும் எஞ்ச, அந்தக் கொட்டையிலிருந்தும் வாதுமையின் லேசான மணம் ஒன்று பானத்தில் இறங்குகிறது. பழத்தின் இனிப்பு முழுவதும் தீர்ந்துபோய்விடுகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். நிறமும் மணமும் புளிப்பும் இருக்கும்; தித்திப்பு இராது. புட்டியில் மறுபடி நொதிப்பதற்குத் தேவையான சர்க்கரையைத் தருவதற்காகக் கடைசியில் கொஞ்சம் இளம் லாம்பிக்கைச் சேர்த்து அடைக்கிறார்கள்.

செர்ரிக்கு அடுத்தபடி ராஸ்ப்பெர்ரி. அந்தப் பழைய வழக்கம் நின்றுபோயிருந்ததை ஜான்-பியேர் 1970களில் புதுப்பித்தார்; பின்னர் அதற்கு ரோஸே த காம்ப்ரினுஸ் என்ற பெயர் அமைந்தது. காம்ப்ரினுஸ் என்பவர் ஐரோப்பியர் கற்பனையில் பீருக்கு அதிதேவதையான ஓர் அரசர். ராஸ்ப்பெர்ரி சுகுமாரமான பழம்; அதன் நிறமும் மணமும் செர்ரியைப்போல் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பதில்லை, ஆகையால் அந்தப் புட்டியை வாங்கிப் பத்திரப்படுத்துவதில் அர்த்தமில்லை, இளமையிலேயே குடித்துவிட வேண்டும். இவற்றோடு, மஸ்கட் திராட்சையில் ஊறிய வின்யெரோன் என்ற ஒன்றும், மெர்லோ முதலிய கருந்திராட்சைகளில் ஊறிய சேன் லாம்வினுஸ் என்ற ஒன்றும் உண்டு. 1990களின் இறுதியில் பிரெஞ்சு தேசத்து ஆப்ரிகாட் பழங்களைக் கொண்டு ஃபூ ஃபூன் என்ற ஒன்றையும் தொடங்கினார்கள். சம்பிரதாயவாதிகளின் வீட்டில் இப்படி ஒரு புதுமையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். பழம் மாறியதே ஒழிய, ஊறவைக்கும் முறையில் ஓர் அணுவும் மாறவில்லை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு இவை எல்லாவற்றிலும் அந்த ஆப்ரிகாட்தான் பிடித்தது. மங்கலான மஞ்சள் நிறத்தில், பழத்தின் தோலைப் பற்களால் கீறினாற்போன்ற ஒரு மணம்.

ருசியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நுழைவுச்சீட்டோடு கிடைக்கும் கிண்ணத்தில் முதலில் தந்தது ஓராண்டு முதிர்ந்த, வாயுவில்லாத லாம்பிக். என் மைத்துனன் ஒரு மடக்கு உறிஞ்சி, முகத்தை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "அத்தான், இது காடி" என்றான். "காடியாய் இருந்தால் இத்தனை பேர் வரிசையில் நிற்பார்களா, மாப்பிள்ளை? இன்னொரு வாய் குடித்துப் பார்" என்றேன். உண்மையில் எனக்கும் முதல் மடக்கு அதே எண்ணத்தைத்தான் உண்டாக்கிற்று. மூன்றாவது மடக்கில்தான், புளிப்புக்குப் பின்னால் எலுமிச்சைத் தோலும் ஈரமண்ணும் பழைய மரமும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல எழுந்து வருவது புலப்பட்டது. சுமார் ஐந்து சதவீதமே சாராயம் உள்ள பானம். போதைக்காகக் குடிப்பவன் இதைத் தேடிவரமாட்டான்.

நாக்கின் இந்த முதல் முறைப்புதான் இந்தத் தொழிலுக்கு ஏறக்குறைய யமனாய் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில், எங்கும் சர்க்கரை மலிந்து, குளிர்பானங்களின் தித்திப்பில் மனிதர் ருசி பழகிவிட்டபின், பெரிய கம்பெனிகள் லாம்பிக்கில் சர்க்கரையும் பழச்சாறும் சேர்த்து, சூடாக்கி நுண்ணுயிரை அடக்கி, இளஞ்சிவப்புத் தித்திப்புப் பானமாகக் கிரீக்கை விற்கத் தொடங்கின. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. விரும்பிக் குடிப்பவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பெயர் ஒன்றாயிருந்ததால், அசலைத் தேடுபவன் ஏமாந்தான். நகலின் விலைக்கு அசலைச் செய்ய முடியாத சிறிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 1900இல் பிரஸ்ஸல்ஸில் நூற்றுக்கு மேல் இருந்தனவாகச் சொல்லப்படும் பீர்ச்சாலைகளில், நகரத்துக்குள் பழைய முறையில் லாம்பிக் காய்ச்சுவதாக எஞ்சி நின்றது காந்தியோன் ஒன்றே. பிற்காலத்தில் ஐரோப்பியச் சட்டம், தித்திப்பூட்டாத அசலுக்குப் 'பழைய' என்ற அடைமொழியை ஒதுக்கிப் பாதுகாப்பு அளித்தது. இன்று புட்டியின்மேல் அந்த அடைமொழியைப் பார்த்து வாங்குவது நல்லது.

அந்த இருண்ட காலத்தில், 1978இல், வான் ரோய் தம்பதிகள் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் கவர்கிறது. விற்பனை மெலிந்துகொண்டிருந்த வேளையில், தங்கள் சரக்கைத் தித்திப்பாக மாற்றாமல், வேலை நடந்துகொண்டிருந்த பீர்ச்சாலையையே மியூசியமாக அறிவித்து, கதவைத் திறந்து, வருகிறவர்களுக்குச் செம்புத் தொட்டியையும் சிலந்தியையும் காட்டி, ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார்கள். வாடிக்கைக்காரரின் நாக்குக்கு ஏற்பப் பானத்தை மாற்றுவதை விட, பானத்துக்கு ஏற்ப நாக்கைப் பழக்குவது என்ற அசாத்தியமான வழியை ஒரு குடும்பம் தேர்ந்தெடுத்தது என்றால், அது வியாபார புத்தி என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளமாட்டான். பலன் வர இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. வந்தபோது அமெரிக்காவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. இப்போது நிலைமை தலைகீழாகி, கேட்பவர் எல்லாருக்கும் கொடுக்கப் பானம் போதவில்லை. இதில் எனக்குப் பிடிக்காத அம்சமும் ஒன்று உண்டு. சில பேர் அபூர்வமான புட்டிகளை நியாய விலைக்கு வாங்கிக்கொண்டுபோய், பல மடங்கு லாபத்துக்குக் கைமாற்றி விற்கிறார்கள். குடும்பம் அதை வெறுக்கிறது. சில புட்டிகளை அங்கேயே திறந்து குடிப்பதற்கு மட்டும் தருகிறது. 2011 முதல் நடத்திவரும் ஸ்வான்ஸே நாள் என்ற வழக்கத்தில், அந்த ஆண்டுக்கென்று பரிசோதனையாகச் செய்த பீரை உலகின் பல ஊர்களிலுள்ள தேர்ந்த மதுக்கடைகளில் ஒரே தினத்தில் திறந்து கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். பதுக்கலைத் தடுக்க இது ஒரு நல்ல உபாயம்.

குடும்பத் தொழிலை நான் இப்படிப் புகழ்ந்துகொண்டே போனால், அதன் ஆபத்தை மறைத்ததாகும். பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே பேர்செலில் டிரீ ஃபொன்டேய்னன் என்ற இன்னொரு லாம்பிக் வீடு உண்டு. 2009 மே மாதத்தில் அங்கே புட்டிகள் முதிரும் அறையின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, அறை அடுப்பைப்போல் சூடேறி, ஆயிரக்கணக்கான புட்டிகள் வெடித்துச் சிதற, மொத்தம் சுமார் 80,000 புட்டி அளவுக்குப் பானம் பாழாயிற்று. ஒரு கருவியின் கோளாறில் பல ஆண்டுகளின் உழைப்பு ஓரிரவில் போய்விட்டது. அந்த வீட்டின் அர்மான் டெபெல்டர், கெட்டுப்போன பீரைக் கொட்டிவிடாமல் வடிசாலைக்கு அனுப்பிச் சாராயமாக வடித்து விற்று, தொழிலைத் தூக்கி நிறுத்தினார். போட்டியாளர்களாய் இருந்திருக்க வேண்டிய மற்ற லாம்பிக்காரர்களும் ரசிகர்களும் கைகொடுத்தார்கள். டெபெல்டர் 2022இல் காலமானார். முதல் போட்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் வரவு என்றிருக்கும் தொழிலில், ஒரு விபத்தின் நஷ்டம் ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்துவிடும்.

இன்றைய ஆபத்து வேறு மாதிரியானது. கூரைக்கடியில் சாறு ஓரிரவுக்குள் குளிரவேண்டுமென்றால், வெளியே போதிய குளிர் இருக்கவேண்டும். வெப்பமான இரவில் வேண்டாத பாக்டீரியாக்கள் மிகுந்துவிடும். ஆகவே அக்டோபர் முடிவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையில்தான் காய்ச்சும் பருவம். நூறாண்டுக்கு முன் ஓராண்டில் காய்ச்சத் தகுந்த நாள்கள் சுமார் 165 இருந்தன என்றும், இப்போது 140ஐ ஒட்டிக் குறைந்துவிட்டன என்றும் வானிலைப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2015 நவம்பரில் வழக்கத்துக்கு மாறாகப் பருவம் வெதுவெதுப்பாயிருந்ததில், ஜான் வான் ரோய் மூன்று தடவை காய்ச்சிய சாற்றைக் கீழே கொட்டவேண்டி வந்தது. குளிர்சாதனத்தைப் பொருத்தி இரண்டு மணி நேரத்தில் சாற்றைக் குளிரவைத்துவிடுவது பெரிய காரியமில்லை. ஆனால் அப்போது இரவெல்லாம் காற்று வந்து படிவது எப்படி? அந்தக் கேள்விக்கு வீட்டார் இன்னும் தினசரி வானிலை அறிக்கையையே நம்பி விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரஸ்ஸல்ஸுக்குப் போக நேரும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண நாள்களிலும் மியூசியத்தைப் பார்க்கலாம். ஆயினும் இலையுதிர்காலத்தில் ஒரு தடவையும் வசந்தத்தின் வாயிலில் ஒரு தடவையும், பொதுமக்கள் முன்னிலையிலேயே காய்ச்சும் நாள் ஒன்றை அவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள், கூடுமானால் அந்த நாளில் போங்கள். வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். கம்பளிச் சட்டை அவசியம். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால்வலி உள்ளவர்கள் கைப்பிடியை விடவேண்டாம். சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு போய் நிற்கக்கூடாது. அந்தப் புளிப்புக்கு முன்னால் இரண்டு துண்டு ரொட்டியாவது உள்ளே இருக்கவேண்டும். கடையில் எந்தப் புட்டி கிடைக்கும் என்பது அன்றன்றைய அதிருஷ்டம். ஆப்ரிகாட் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், பொறாமைப்படுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.